பட்டறையும் வீடும்: மாமல்லபுரக் கற்சிற்பத் தொழிலில் உறவும் தோழமையும்

ஆய்வுச் சுருக்கம்

மாமல்லபுரத்தில் இன்று நடைபெறும் கற்சிற்பத் தொழில் பல்லவர் காலந்தொட்டு அறுபடாது வந்த மரபு எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இன்றைய பட்டறைகள் பெரும்பாலும் 1957-க்குப் பின் உருவானவை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தோர் ஒருங்குகூடித் தொழில் செய்த முறையே இவ்விரு காலங்களுக்கும் பொதுவானது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. வீட்டோடு இணைந்த பட்டறை தரும் மகிழ்ச்சியும், அதே வீட்டிற்குள் புகும் கல்தூசியும் ஒருசேர நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மாமல்லபுரம், கற்சிற்பம், பூஞ்சேரி, பட்டறை, குடும்பத்தொழில், புவிசார் குறியீடு, அணுபுரம்.

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில், ஒன்றுக்கொன்று அண்மையில், இருவகைக் குடியிருப்புகள் உள்ளன. ஒன்று அணுசக்தித் துறையின் ஊழியர்களுக்காக அமைந்த கல்பாக்கம், அணுபுரம் நகரியங்கள். மற்றொன்று மாமல்லபுரத்தின் சிற்பப் பட்டறைத் தெருக்கள். முன்னது புதுமையின் அடையாளம் என்றும், பின்னது பழமையின் எச்சம் என்றும் கொள்வது எளிது. ஆனால் காலக்கணக்கை நோக்கினால் இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு மிகவும் குறைவு. மாமல்லபுரத்தில் அரசின் சிற்பப் பயிற்சி நிலையம் 1957-இல் தொடங்கப்பெற்றது. கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் 1971-இல் தோன்றியது. இரண்டும் விடுதலை பெற்ற நாட்டின் அரசு, பதினான்கு ஆண்டு இடைவெளியில், ஒரே கடற்கரையில் எடுத்த முடிவுகளின் விளைவுகளே.

வேறுபாடு வேறோர் இடத்தில் உள்ளது. அணுபுரத்தில் வீடு என்பது பணியோடு வருவது. பணி ஓய்வு பெற்றால் வீட்டை விட்டு நீங்க வேண்டும். தந்தையின் பணி மகனுக்கு உரியதாவதில்லை. மாமல்லபுரத்திலோ பணி என்பது வீட்டின் வழியே வருவது. தந்தை உளி பிடித்த கொட்டகையில் பிள்ளை தவழ்ந்து வளர்கிறது. கல்லின் ஓசை அதற்குப் பேச்சுக்கு முன்பே பழகிவிடுகிறது. இத்தொழிலின் வரலாற்றைச் சிற்பங்களைக் கொண்டு மட்டும் எழுதாமல், இந்த வீட்டையும் அதனோடு சேர்ந்த தோழமையையும் கொண்டு எழுத முடியுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

பூஞ்சேரிப் பாறையின் பெயர்கள்

பல்லவர் காலச் சிற்பிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நேரடிச் சான்றுகள் மிகச் சில. மாமல்லபுரத்தின் கல்வெட்டுகள் மன்னர்களின் விருதுப் பெயர்களை அடுக்குகின்றனவே அன்றி, கல்லை வெட்டிய கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. இதற்கு விலக்காக நிற்பது ஊரை அடுத்துள்ள பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தோட்டம் என வழங்கும் இடத்துப் பாறை. அதில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாசர், கொல்லன் சேமகன் என அவை படிக்கப்பட்டுள்ளன. மாமல்லபுரத்துக் கல்வேலையில் ஈடுபட்டோரின் பெயர்களாக அறிஞர்கள் இவற்றைக் கொள்வர்.

இப்பட்டியலைச் சிற்பிகளின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அதனினும் கவனிக்கத்தக்க செய்திகள் இரண்டு இதில் உள்ளன. ஒருவர் பெயரோடு திருவொற்றியூர் என்னும் ஊர் சேர்ந்து நிற்கிறது. மாமல்லபுரத்திலேயே வாழ்ந்து வந்த ஒருவரை அவ்வாறு அடையாளப்படுத்த வேண்டிய தேவை எழாது. சென்னைக்கு வடபால் உள்ள ஊரிலிருந்து வேலைக்கு வந்தவரையே உடனிருந்தோர் அப்படி அழைத்திருப்பர். அடுத்தது, தச்சரோடு கொல்லர் ஒருவரும் ஒரே பாறையில் இடம்பெறுவது. கருங்கல்லில் வேலை செய்யும் உளி விரைவில் மழுங்கும். மழுங்கிய முனையை உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்துப் பதமேற்றித் தருபவர் இல்லையேல் சிற்பியின் கை ஓய்ந்துவிடும். முனை மிகுதியாகக் கடினப்பட்டால் உடையும், குறைந்தால் மடங்கும். அந்தப் பதத்தை அறிந்த கொல்லரைத் தச்சர்கள் தம்முள் ஒருவராக எண்ணினர் என்பதற்குச் சேமகன் பெயரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

முற்றுப்பெறாத கோயில்களும் இக்கூட்டு உழைப்பையே காட்டுகின்றன. பிடாரி இரதங்கள், வலையன்குட்டை இரதம் ஆகியவற்றில் மேற்பகுதி உருப்பெற்றிருக்க, அடிப்பகுதி பாறையாகவே நிற்கிறது. வேலை மேலிருந்து கீழாக நடந்தது. முடிவுறாத குடைவரைகளில் பாறைப்பரப்பைச் சதுரங்களாகப் பிரித்து, இடையே பள்ளம் வெட்டி, எஞ்சிய மேடுகளைத் தகர்த்தெடுத்த முறையைக் காணலாம். சதுரம் சதுரமாக வேலையைப் பகுத்தளிக்கும்போது, தேர்ந்த கையும் தொடக்கநிலைக் கையும் அருகருகே இயங்க இடமுண்டு.

1957-க்குப் பின்

இன்றைய தொழில் இப்பாறைகளிலிருந்து நேராக முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்டன் கார் 1869-இல் தொகுத்து வெளியிட்ட 'ஏழு கோயில்கள்' பற்றிய கட்டுரைத் திரட்டில் பேசப்படுபவை பழஞ்சிற்பங்களும் கல்வெட்டுகளும் கடல்கொண்ட கோயில் பற்றிய செவிவழிக் கதைகளுமே. பட்டறைத் தெருக்கள் நிறைந்த இன்றைய ஊர், அரசுப் பயிற்சி நிலையத்தின் வருகைக்குப் பின் படிப்படியாக உருவானது. கோயில் திருப்பணிகளும், வெளிநாட்டுத் தமிழர் எழுப்பிய கோயில்களுக்கான தேவையும், கடற்கரைக்கு வரும் பயணிகளின் கூட்டமும் அதனை வளர்த்தன.

பயிற்சி நிலையத்தின் முதல் தலைவராக அமர்ந்தவர் பிள்ளையார்பட்டியைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் அவர் மகன் வை. கணபதி ஸ்தபதி (1927–2011). காரைக்குடியில் கணிதம் பயின்று, பழனிக் கோயிலில் ஸ்தபதியாகப் பணியாற்றிய அவர், ஏறத்தாழ 27 ஆண்டுகள் அந்நிறுவனத்தை வழிநடத்தி 1988-இல் ஓய்வு பெற்றார். 1976-இல் திறக்கப்பெற்ற சென்னை வள்ளுவர் கோட்டமும், 2000 சனவரி 1-இல் திறக்கப்பெற்ற கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவர் சிலையும் அவர் வடிவமைத்தவை. இங்கு நகைமுரண் ஒன்று உண்டு. பரம்பரைத் தொழிலை வகுப்பறைக்குக் கொண்டுவரவே அரசு இந்நிலையத்தை நிறுவியது. ஆயினும் அதன் முதல் தலைமை மாற்றமே தந்தையிடமிருந்து மகனுக்கு என அமைந்தது.

அதேவேளை வகுப்பறை செய்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. கம்மாளர் குடும்பங்களில் மட்டும் கைமாறிவந்த அளவு நூல், வேறு சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கிட்டியது. உத்தம தசதால முறையில் உருவத்தின் உயரம் 124 பாகங்களாகப் பகுக்கப்படும் என்பது ஏட்டிலும் தந்தையின் நினைவிலும் இருந்த செய்தி. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்' போன்ற அச்சு நூல்களால் அது பாடமாயிற்று. தாத்தா உளி பிடிக்காத வீட்டிலிருந்தும் சிற்பிகள் வந்தனர். அவ்வாறு வந்தவர்களுக்கு உறவின் இடத்தை நிரப்பியது தோழமை. உடன் பயின்றோர் சேர்ந்து கொட்டகை அமைப்பதும், பெரிய வேலையொன்று கிடைத்தால் அதனைப் பல பட்டறைகள் பங்கிட்டுக்கொள்வதும் இத்தொழிலின் நடைமுறைகள். திருவொற்றியூரார் ஒருவர் பூஞ்சேரிப் பாறையில் இடம்பெற்றதற்கும், பிள்ளையார்பட்டியார் ஒருவர் மாமல்லபுரத்தில் ஆசானானதற்கும் இடையில் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்துள்ளன. மரபு தொடர்கிறது என்று சொல்வதாயின், வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் இந்த வழக்கத்தையே அவ்வாறு சொல்லுதல் பொருந்தும்.

பட்டறையின் இயல்பு

ஒரு சிலை ஒருவர் கையால் முடிவதில்லை. முதலில் கல்லைத் தட்டி ஓசை கேட்பர். ஓசையைக் கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனப் பிரிப்பது பழைய நூல் வழக்கு. உள்ளே விரிசல் உண்டா என்பதையும் அந்த ஓசையே காட்டிக்கொடுக்கும். பின்னர் மூத்தவர் செங்காவியால் கோடிடுவார். இளையவர் கூருளியால் வேண்டாத கல்லைக் களைவார். களையக் களையக் கோடு அழியும். மூத்தவர் மீண்டும் வந்து கோடிடுவார். ஒரு நாளில் பலமுறை நிகழும் இந்தச் சிறு சந்திப்பே இத்தொழிலின் உண்மையான பாடவேளை எனலாம். ஆடை மடிப்பும் அணிகலனும் இடைநிலைக் கைகளுக்கு உரியவை. முகம் மூத்தவருக்கு உரியது. தேய்த்து மெருகேற்றும் வேலையில் பெண்களின் பங்கு கணிசமானது. நெடுநேரம் குந்தியிருந்து, நீர் தெளித்துத் தெளித்துத் தேய்க்கும் அவ்வுழைப்பு சிலைக்கு ஒளி தருகிறது. விலைப்பேச்சில் அது இடம்பெறுவது அரிது.

பிள்ளைகள் கற்பது எப்போது தொடங்குகிறது என்று வரையறுப்பது கடினம். சிதறிய சில்லுகளை அடுக்கி விளையாடுவதும், மாக்கல் துண்டில் ஆமையோ யானையோ கீறிப் பார்ப்பதும் பயிற்சியா விளையாட்டா எனப் பிரிக்க இயலாது. மாக்கல் நகத்தால் கீறினாலும் கோடு விழும் அளவுக்கு மென்மையானது. பிழை செய்ய அஞ்சாத கல் அது. கருங்கல்லோ ஒரு பிழையையும் பொறுக்காது. ஆயுத பூசையன்று உளிகளும் சுத்தியல்களும் கழுவப்பெற்று, சந்தனமும் குங்குமமும் இடப்பெற்று ஓய்வுகொள்கின்றன. ஆண்டு முழுவதும் ஓயாத தெருவில் அன்றைய அமைதியே விழா. மறுநாள் விசயதசமியில் சிறுவர் கையில் உளியைக் கொடுத்து முதல் அடி வைக்கச் செய்வர். கோயிலுக்குரிய படிமம் எனில் கண் திறக்கும் சடங்கு இறுதியில் நிகழும். பொன்னூசி கொண்டு ஸ்தபதி விழியைத் தீட்டும் அந்நாளில் அவருக்கு ஆடையும் மரியாதையும் செய்விப்பது முறை. அதன்பின் அச்சிலையைத் தொடும் உரிமை செய்தவருக்கு இல்லை. வீட்டுத் திண்ணையில் மாதக்கணக்காகப் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கிடந்த கல், ஒரே நாளில் எட்டாத இடத்திற்குச் சென்றுவிடுகிறது. மகளை மணம் முடித்து அனுப்பும் வீட்டின் நிலைக்கு இதனை ஒப்பிடுவது மிகையாகாது.

தெய்வப் படிமம் அல்லாத கல்வேலையையும் மறத்தலாகாது. அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை என ஒவ்வொரு வீட்டிலும் கல்தச்சரின் கைவேலை இருந்தது. தேய்ந்த அம்மியைக் கொத்தித் தர வருபவர் தெருவிற்கே அறிமுகமானவர். கோயம்புத்தூரில் 1955-இல் பி. சபாபதி உருவாக்கிய மின் அரவை எந்திரம் பரவியபின் அவ்வுறவு மெலிந்தது. இன்று மாமல்லபுரத்துக் கடைகளில் சிறு இடிகற்கள் பயணிகளுக்கு விற்கப்படுகின்றன. அடுக்களைப் பொருளாக வெளியேறியது நினைவுப்பொருளாகத் திரும்பிவந்துள்ளது.

பெயர் பெறுவோர்

உலகக் கைவினைக் குழு 2015-இல் மாமல்லபுரத்தைக் கற்சிற்பத்திற்குரிய கைவினை நகராக ஏற்றது. 2017-இல் இவ்வூர்க் கற்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை வரவேற்கத்தக்கன, வேறிடத்தில் எந்திரத்தால் வார்த்த பொருளை இவ்வூர்ப் பெயரில் விற்பதைத் தடுக்க இவை துணைநிற்கும். ஆனால் இச்சட்டம் யாரைத் தொழிலின் உரியவராகக் காண்கிறது என்று கேட்கவேண்டியுள்ளது. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி கைவினைப் பொருளின் 'உற்பத்தியாளர்' என்னும் சொல், அதனைச் செய்பவரோடு அதில் வணிகம் செய்பவரையும் உள்ளடக்கும். ஆகவே கடை உரிமையாளரும் அங்கீகரிக்கப்பெற்ற பயனாளராகப் பதிவுபெறலாம். மெருகேற்றும் பெண்ணும் உளி காய்ச்சும் கொல்லரும் 'செய்பவர்' என்னும் சொல்லுக்குள் அடங்குவரா என்பது விளக்கத்திற்குரியது. பூஞ்சேரிப் பாறையை எழுதியவர்கள் இவ்வகையில் இன்னும் தாராள மனத்தினர்.

தூசி

வீடும் பட்டறையும் ஒன்றாக இருப்பதன் மறுபக்கம் கல்தூசி. உளியால் பொளியும்போது சில்லுகள் தெறிக்கும். அவை கண்ணுக்கும் காலுக்கும் கேடு. மின்சாரத்தில் இயங்கும் கட்டிங் மெஷின் வந்தபின் நிலைமை வேறாயிற்று. பல நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கும் அக்கருவி, உலர்ந்த கருங்கல்லை அறுக்கும்போது மாவினும் நுண்ணிய தூசியை எழுப்புகிறது. கருங்கல்லில் உள்ள படிகக்கல்லின் நுண்துகள் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். படிந்த துகள் வெளியேறுவதில்லை. நோயை முற்றும் நீக்கும் மருந்தும் இல்லை. கூருளிக்காரரின் இருமலைத் தொழிலின் இயல்பாகக் கொண்ட காலத்தில் தூசி அவரோடு நின்றது. இன்று அது கொட்டகையைக் கடந்து, பக்கத்தில் உலரும் துணியிலும் திண்ணையில் படிக்கும் பிள்ளையின் புத்தகத்திலும் படிகிறது.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ் அறிவிக்கப்படவேண்டிய நோயாக இடம்பெற்றிருந்தது. ஆனால் அச்சட்டம் தொழிற்சாலையாகக் கொண்டது, மின்விசையோடு பத்துப் பேரேனும், மின்விசையின்றி இருபது பேரேனும் பணிபுரியும் இடத்தையே. தந்தையும் இரு மகன்களும் உடன்பயின்ற நண்பர் இருவரும் வேலை செய்யும் கொட்டகை அந்த எண்ணிக்கையை எட்டாது. மாநில அரசு விரும்பினால் சிறு பட்டறைகளுக்கும் சட்டத்தை நீட்டிக்க அதன் 85-ஆம் பிரிவு இடமளித்தது; எனினும் தம் வீட்டு முற்றத்தில் ஆய்வாளர் வந்து நிற்பதை எந்தக் குடும்பமும் எளிதில் விரும்பாது. உறவு முறையால் இயங்கும் இடத்தில் முதலாளி யார், தொழிலாளி யார் என்ற கேள்வியே அன்னியமாக ஒலிக்கும். மகனின் முகக்கவசத்திற்குச் செலவிடத் தந்தை தயங்குவதில்லை. தான் அணிவதற்குத்தான் தயங்குகிறார்.

தீர்வுக்குரிய ஒரு வழி பட்டறைக்கு உள்ளேயே இருக்கிறது. மெருகேற்றும் பெண்கள் நீர் தெளித்தே கல்லைத் தேய்க்கின்றனர்; ஈரக் கல்லிலிருந்து தூசி எழும்புவது குறைவு. அறுக்கும் கருவிக்கும் சிறு குழாய்வழி நீர் சொட்டவிடும் முறை கடினமானதன்று. அதனால் தரை சேறாகிறது, செங்காவிக் கோடு கரைகிறது, மின்கருவியில் நீர் படும் அச்சமும் உண்டு. கோட்டைக் கரையாத மையால் இடுவதும், அறுக்கும் இடத்தைத் திண்ணையிலிருந்து சற்று அகற்றி வைப்பதும் செய்யக்கூடியவையே.