நகலைப் படிப்பது யார்?

எங்கள் துறையின் வழங்கியைச் சென்ற வாரம் ஓரிரவு முழுவதும் நிறுத்திவைத்து, யுஎஸ்பி துவக்க ஊடகத்தின் வழியே அதன் வட்டு முழுவதையும் படியெடுத்தோம். ஓலைச்சுவடிப் படிமங்கள் அனைத்தும் அவ்வொரு கணினியில்தான் உள்ளன. “இயங்கும்போதே நகலெடுக்கலாகாதா?” என்று ஆய்வு மாணவர் ஒருவர் வினவினார். அவ்வினாவுக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

இயங்கும் கணினியில் கோப்புகள் ஓயாது மாறுகின்றன. படியெடுப்பின் தொடக்கத்தில் பதிவான அட்டவணையும் முடிவில் பதிவான தரவும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகலாம். எனவேதான் யூனிக்ஸ் முறைமையில் ‘டம்ப்’ கட்டளையால் காந்த நாடாவில் நகலெடுத்தோர், பயனர்களை வெளியேற்றி, முறைமையை அமைதிப்படுத்திய பின்னரே அதனைச் செய்ய விரும்பினர். ஓடும் வட்டின் ஒரு கணத்தை உறையவைக்கும் வசதி இன்று உண்டு. எங்கள் பழைய வழங்கியில் அதற்கு இடமில்லை.

ஆயினும் நகலெடுத்தல் எளிய பாதியே. வட்டு அழிந்தால், நாடாவைப் படிக்க வல்ல நிரலும் அதனுடனேயே அழிகிறது. பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்ட நிலை இது. 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி இதனை எதிர்கொண்ட விதம் வியப்புக்குரியது. தனித்தியங்கும் சிறு நிரலொன்றை முதலில் நினைவகத்தில் ஏற்றுவர். அதனைக் கொண்டு ‘மினிரூட்’ எனும் குறுங்கோப்பு முறைமையை வட்டின் ‘ஸ்வாப்’ பகுதியில் இடுவர். நிலையான எதையும் வைக்காத பகுதி அது. ஆகவே அங்கே குடிலமைத்துத் தங்கியபடி மூலக் கோப்பு முறைமையை மீட்டெழுப்ப முடிந்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் முறைமை, தானே துவங்கும் காப்பு நாடாவை உருவாக்கும் ‘எம்கேசிஸ்பி’ கட்டளையைத் தந்தது.

தனிக்கணினியாளர்க்கு வாய்த்ததோ 1.44 எம்பி நெகிழ்வட்டு. 1995இல் பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் வகுத்த ‘எல் டொரிட்டோ’ தரம் குறுவட்டிலிருந்து துவங்க வழிசெய்தது. (பெயர் கலிபோர்னிய உணவகம் ஒன்றினுடையது!) 2000இல் கிளவுஸ் நாப்பரின் ‘நாப்பிக்ஸ்’ முழு லினக்சையும் ஒரு குறுவட்டில் அடக்கியது. நாங்கள் கையாண்ட ‘குளோன்சில்லா’ தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணினி மையத்தில் உருவானது. தனக்குத் தெரிந்த கோப்பு முறைமைகளில் தரவுள்ள பகுதிகளை மட்டுமே படியெடுப்பதால் நேரமும் இடமும் மிஞ்சுகின்றன.

கணினி வரலாறு எழுதுவோர் புதியன புனைந்தோரைப் போற்றும் அளவுக்கு, அழிந்ததை எழுப்பும் இக்கருவிகளைப் பொருட்படுத்துவதில்லை என்பது என் மனக்குறை.

மறுநாள் நகலை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தோம். தரவு முழுமையாக வந்தது; முறைமை எழவில்லை. துவக்கத்தில் நினைவகத்திலேறும் குறுமுறைமை பழைய கணினிக்கென்றே ஆக்கப்பட்டது. புதிய கணினியின் வட்டுக் கட்டுப்படுத்திக்குரிய இயக்கி அதில் இல்லை. மீண்டும் யுஎஸ்பியிலிருந்து துவக்கி, மீட்ட முறைமைக்குள் நுழைந்து, அதனைப் புதிதாக ஆக்கிய பின்னரே வழங்கி விழித்தது. கேள்வி கேட்ட மாணவரே அப்படிநிலைகளைத் தாளில் எழுதினார். அத்தாளும் யுஎஸ்பியும் நகல் வட்டும் இப்போது ஒரே உறையில், வேறொரு கட்டடத்தில் உள்ளன.