டிசைன் ரசிகருக்கு என்ன கிஃப்ட் கொடுக்கலாம்? அசல் கைவினைப் பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆர்க்கிடெக்ட் நண்பர் புது வீட்டுக்குக் குடிபோகிறார். டீமில் இருக்கும் யுஎக்ஸ் டிசைனருக்குப் பிறந்தநாள். இவங்களுக்கு கிஃப்ட் வாங்குறதுதான் கஷ்டம். பளபளப்பாக இருந்தால் மட்டும் போதாது. 'இது எப்படிச் செஞ்சாங்க?' என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் நான்கு இந்தியப் பொருட்கள் இங்கே. கூடவே, போலியைக் காசு கொடுத்து வாங்காமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்பதும்.

ஆரன்முளைக் கண்ணாடி

கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில், பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது ஆரன்முளை. இங்கே செய்யப்படும் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை வார்த்து, முகம் தெரியும்வரை கையாலேயே தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

எப்படிச் சரிபார்ப்பது? ஒரு காகிதத்தின் முனையை அதன்மேல் மெதுவாக வையுங்கள். சாதாரணக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருப்பதால், காகிதத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவில் சின்ன இடைவெளி தெரியும். ஆரன்முளைக் கண்ணாடியில் மேற்பரப்பே பிரதிபலிப்பதால் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பித்ரி

கர்நாடகத்தின் பீதரில் இருந்து வருவது. துத்தநாகமும் கொஞ்சம் செம்பும் கலந்த உலோகத்தில் உளியால் கோடு வெட்டி, அந்தப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பியைத் தட்டிப் பதிக்கிறார்கள். பிறகு பீதர் கோட்டைப் பகுதி மண்ணை நவச்சாரத்துடன் கலந்து தேய்ப்பார்கள். உலோகம் கறுத்துவிடும், வெள்ளி மட்டும் அப்படியே மின்னும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெள்ளி பதித்ததா, மேலே பூசியதா? பூசியது நாளடைவில் உரிந்துவிடும். வாங்கிக் கொடுக்கும்போது, 'பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சன்னபட்டணா மரப்பொருட்கள்

பட்ஜெட் குறைவு என்றால் இதுதான் சரி. பெங்களூரு - மைசூரு சாலையில் இருக்கும் ஊர் சன்னபட்டணா. வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அதில் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். கடைசியில் தாழை மடலால் மெருகேற்றுவார்கள்.

சுழற்றிச் செய்வதால்தான் வடிவங்கள் பெரும்பாலும் உருண்டையாகவும், நிறங்கள் வளையம் வளையமாகவும் இருக்கின்றன. கருவியே வடிவத்தைத் தீர்மானிப்பது என்றால் இதுதான். டிசைன் படித்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அஜ்ரக் துணி

குஜராத்தின் கச்சு பகுதியில் மர அச்சு வைத்து, அவுரி, மஞ்சிட்டி போன்ற சாயங்களில் பலமுறை தோய்த்து, அலசி, காயவைத்து உருவாகும் துணி. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு, தமட்கா கிராமத்தின் தண்ணீர் சாயத்தொழிலுக்கு ஒத்துவராமல் போனது. அங்கிருந்த கத்ரி குடும்பங்கள் பலர் புஜ் அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரையே உருவாக்கினார்கள்.

துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளுத்துப்போய் இருந்தால், அது இயந்திர அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு அச்சும் அடுத்த அச்சும் சேரும் இடத்தில் மயிரிழை விலகல் தெரிந்தால் கவலை வேண்டாம். அது கை வேலையின் அடையாளம்.

ஜிஐ டேக் இருந்தால் போதுமா?

புவிசார் குறியீடு எனும் ஜிஐ, ஒரு பொருளின் பெயரை அது பிறந்த ஊரோடு சட்டப்படி இணைக்கிறது. 1999-ல் இயற்றப்பட்ட சட்டம் 2003-ல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான ஜிஐ பதிவகம் இருப்பது நம்ம சென்னை கிண்டியில்தான்.

ஆனால் ஒரு பொருளுக்கு ஜிஐ கிடைத்திருக்கிறது என்பதாலேயே, அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அசல் ஆகிவிடாது. ஆன்லைனில் 'பித்ரி ஸ்டைல்', 'அஜ்ரக் பிரிண்ட்' என்று போட்டிருந்தால் உஷார். 'ஸ்டைல்' என்ற வார்த்தை பல நேரம் நகல் என்பதன் நாகரிகமான பெயர். நகலுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், நாள்கணக்கில் உட்கார்ந்து செய்தவருக்குப் போகாத ரூபாய்.

எங்கே வாங்கலாம்?

கைவினைஞர்களின் கூட்டுறவுச் சங்கங்கள், கர்நாடக அரசின் காவேரி, டெல்லி ஜன்பத்தில் உள்ள மத்திய குடிசைத் தொழில் எம்போரியம் போன்ற இடங்களில் தொடங்கலாம். ஆன்லைன் என்றால் ஊர், செய்முறை, செய்தவர் பெயர் மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கடையில் வாங்க வேண்டாம்.

பதில் கிடைத்தால், அந்த மூன்றையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி கிஃப்ட்டோடு வையுங்கள். டிசைன் ரசிகர் முதலில் எடுத்துப் படிப்பது அதைத்தான்.