டிரம்முக்குக் கணக்கு உண்டு, உயிருக்கு?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தலித் மக்கள் செறிந்து வாழும் பகுதி அது. செத்தவர்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்கியும் கூலி வேலைக்குப் போயும் பிழைத்தவர்கள். அரசு நிவாரணம் அறிவித்த உடனே, "குடித்துச் செத்தவனுக்கு 10 லட்சமா?" என்று பேச்சு கிளம்பியது. நாம் அதற்குப் பதில் சொல்லுமுன், அவர்களைக் கொன்ற பொருளின் வரலாற்றைப் படிக்க வேண்டும் தோழர்களே.

மெத்தனால் குடிக்கும் சாராயம் அல்ல. ஆலைக்கான ரசாயனம். ஒரு காலத்தில் மரத்தைக் காற்றுப்படாமல் சூடாக்கி எடுத்ததால் அதற்கு மரச்சாராயம் என்று பெயர். 1923-இல் ஜெர்மனியின் லாய்னாவில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம், நிலக்கரியிலிருந்து பெற்ற வாயுவைக் கொண்டு அதைப் பெருமளவில் தயாரித்தது. 1960-களில் ஐ.சி.ஐ. நிறுவனம் தாமிர வினையூக்கி மூலம் குறைந்த அழுத்தத்திலேயே தயாரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு எரிவாயு மலிவான நாடுகளில் ஆலைகள் பெருகின. இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியை ஈரான், சவுதி அரேபியா, ஓமன் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் இறக்குகிறது. பிளைவுட் பசை, பெயிண்ட், மருந்து என எல்லாத் தொழிலுக்கும் அது போகிறது.

நிறத்திலும் வாசனையிலும் அது சாராயத்தைப் போலவே இருக்கும். ஆனால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைக் கெடுக்கும், மூச்சை நிறுத்தும். பல மணி நேரம் கழித்தே அறிகுறி தெரிவதால், சிகிச்சைக்குரிய நேரம் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது.

இதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1959-லேயே விதிகள் வந்துவிட்டன. மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும், இருப்புக் கணக்கு வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் செத்தபோது, ஆலையிலிருந்து வந்த மெத்தனால்தான் காரணம் என்று காவல்துறையே சொன்னது. அடுத்த ஆண்டே கருணாபுரம்.

அப்படியானால் கேள்வியைத் திருப்பிப் போடுவோம். "ஏன் குடித்தான்?" என்பதல்ல கேள்வி. துறைமுகம் முதல் கிடங்கு வரை கணக்கில் இருந்த டிரம், எந்த இடத்தில் கணக்கிலிருந்து மறைந்தது? அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டியவர் யார்? அவர் ஏன் பார்க்கவில்லை?

"கள்ளச்சாராயச் சாவு" என்று சொல்லும்போது பழி செத்தவர் மேல் விழுகிறது. "மெத்தனால் விஷச் சாவு" என்று சொன்னால், உரிமம் கொடுத்தவரும் கண்காணிக்கத் தவறியவரும் பதில் சொல்லியாக வேண்டும். இனி நம் துண்டறிக்கைகளில் அப்படியே எழுதுவோம்.

இன்னொன்று. நம் தெருவில் யாராவது குடித்தபின் கண் மங்குகிறது என்றால், போலீசுக்குப் பயந்து ஒளிக்காமல், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.