வணிக வாகன ஓட்டுநர் உரிமம் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்காவில் கனரக லாரி, பேருந்து ஆகியவற்றை ஓட்டுவதற்கான உரிமத்தை மாநிலங்களே வழங்குகின்றன. அதற்குரிய குறைந்தபட்சத் தகுதிகளை வகுப்பதோ கூட்டாட்சி அரசு. ஆகவே கூட்டாட்சி விதி மாறுந்தோறும் மாநிலங்கள் தத்தம் வாகனச் சட்டங்களையும் நடைமுறைகளையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியுள்ளது.

1986க்கு முன் பல மாநிலங்களில், கார் ஓட்டும் உரிமம் பெற்ற எவரும் தனித்தேர்வு ஏதுமின்றிப் பெரிய இழுவை லாரியையும் ஓட்டலாம். அதனினும் கொடிது, ஒருவரே பல மாநிலங்களில் உரிமம் பெற்று, ஒன்று முடக்கப்பட்டால் மற்றொன்றைக் காட்டித் தொழிலைத் தொடர முடிந்தது. இதை ஒழிக்கும் பொருட்டு 1986 அக்டோபரில் இயற்றப்பட்ட வணிக மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம், ஓட்டுநர் ஒருவருக்கு உரிமம் ஒன்றே என வரையறுத்து, மாநிலங்களின் பதிவேடுகளை இணைக்கும் தகவல் தொகுப்பையும் ஏற்படுத்தியது. 26,001 பவுண்டு (ஏறத்தாழ 11,794 கிலோ) அல்லது அதற்கு மேற்பட்ட எடைத்தரமுள்ள வாகனங்களும், ஓட்டுநர் உட்பட 16 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் செல்லத்தக்க வாகனங்களும் இதன் வரம்புக்குள் வந்தன. 1992 ஏப்ரல் 1 முதல் இவ்வுரிமம் கட்டாயமாயிற்று.

கூட்டாட்சிச் சட்டத்தை நிறைவேற்றும்படி மாநிலத்தை நேரடியாக ஏவக் கூட்டாட்சி அரசுக்கு அதிகாரமில்லை. ஆயினும் இணங்காத மாநிலத்தின் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கலாம். குடிப்பதற்கான குறைந்தபட்ச வயது குறித்துத் தெற்கு டகோட்டா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987இல் இத்தகைய நிபந்தனையை ஏற்றது. பெரும்பாலான சட்டமன்றத் திருத்தங்களை இயக்கிவந்த விசை இந்நிதியே எனலாம்.

1999ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டாட்சி மோட்டார் சரக்குப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தைத் தோற்றுவித்ததுடன், மறைப்புத் தடையையும் வலுப்படுத்தியது. நீதிமன்றமோ அலுவலகமோ தீர்ப்பை ஒத்திவைத்தோ மாற்றுத் திட்டத்தில் சேர்த்தோ வணிக ஓட்டுநரின் குற்றத்தைப் பதிவேட்டில் ஏறாமல் தவிர்த்தல் கூடாது என்பதே அத்தடை. தவறிய ஓட்டுநருக்கு மறுவாய்ப்பளிக்கும் மாநில மரபோடு இது நேர்முரணாக அமைந்ததால், ஏற்பதற்கு மிகக் கடினமான திருத்தங்களுள் ஒன்றாயிற்று.

சட்டநூல் திருந்தினால் மட்டும் போதாது என்பதை 2019 ஜூனில் நியூ ஹாம்ப்ஷயரில் 7 மோட்டார் சைக்கிள் பயணிகள் இறந்த விபத்து துயரத்துடன் உணர்த்தியது. அவ்விபத்தில் தொடர்புடைய லாரியின் ஓட்டுநர் பின்னர் வழக்கில் விடுவிக்கப்பட்டார். ஆனால் அவருக்கு உரிமம் அளித்திருந்த மாசசூசெட்ஸில், பிற மாநிலங்கள் அனுப்பிய குற்ற அறிவிப்புகள் ஆயிரக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடந்தது விசாரணையில் வெளிப்பட்டது.

2020 ஜனவரியில், போதைப்பொருள், மதுச் சோதனை மீறல்களுக்கான தேசியத் தகவல் மையம் செயற்படத் தொடங்கியது. 2024 நவம்பர் 18 முதல், அம்மையத்திலிருந்து ஓர் ஓட்டுநர் குறித்துத் தடை அறிவிப்பு வந்த 60 நாள்களுக்குள் மாநிலங்கள் அவ்வோட்டுநரின் வணிக ஓட்டுரிமையை நீக்கியாக வேண்டும்.