பமாக்கோ முதல் டிம்பக்டு வரை: நைஜர் ஆற்றுப் பண்பாட்டுப் பயணவழி

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், தலைநகர் பமாக்கோவில் தொடங்கி நைஜர் ஆற்றை ஒட்டிச் செகூ, ஜென்னே, மோப்தி, பண்டியகாரா ஆகிய இடங்களைத் தொட்டு, சகாராவின் விளிம்பிலுள்ள டிம்பக்டுவில் முடியும் வழி இது. யுனெஸ்கோவின் உலக மரபிடங்களில் மூன்று இந்த ஒரே வழியில் வருகின்றன: ஜென்னேயும் டிம்பக்டுவும் 1988இலும், பண்டியகாரா மலைச்சரிவு 1989இலும் பட்டியலில் சேர்ந்தன. 1990களிலும் 2000களிலும் வழிகாட்டியுடன் வந்த சிறு குழுக்கள் பாதித் தொலைவை வண்டியிலும் மீதியைப் படகிலுமாகக் கடந்தன. 2012இல் வடக்கு மாலியில் போர் மூண்டபின் வழியின் பெரும்பகுதி வெளியூர்ப் பயணிகளுக்கு அடைபட்டுவிட்டது. இங்கே சொல்லப்படும் மசூதிகளும் படகுத்துறைகளும் சந்தைகளும் அங்குள்ள மக்களின் அன்றாடப் புழக்கத்தில் இருப்பவை. பயணி வந்தாலும் வராவிட்டாலும் அவற்றின் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

ஆறும் பருவமும்

நைஜர் ஏறத்தாழ 4,180 கி.மீ. நீளமுள்ளது, ஆப்பிரிக்காவில் நைல், காங்கோ ஆறுகளுக்கு அடுத்த இடம். கினி நாட்டு மலைகளில், அட்லாண்டிக் கடலிலிருந்து 240 கி.மீ. தொலைவிலேயே பிறக்கிறது. ஆனால் அந்தக் கடலை நாடாமல் வடகிழக்கே பாலைவனத்தை நோக்கி ஓடி, டிம்பக்டுவுக்கு அப்பால் வளைந்து தென்கிழக்கே இறங்கி, நைஜீரியாவில் கினி வளைகுடாவில் கலக்கிறது. ஆறு கிழக்கே ஓடுகிறதா மேற்கே ஓடுகிறதா என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்து மருத்துவர் மங்கோ பார்க் 1796 ஜூலையில் செகூவுக்கு வந்து நேரில் பார்த்த பிறகே அந்த வாதம் அடங்கியது. போசோ, சொங்காய் மக்களோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அந்த ஆற்றில் படகோட்டிப் பிழைத்தவர்கள்.

பயணத்தின் நாள்களை ஆறுதான் குறிக்கிறது. கினி மலைகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் பெய்யும் மழையின் வெள்ளம் நடு மாலியின் சமவெளியில் பரந்து தேங்கி, மெல்ல நகர்ந்து, டிம்பக்டு பக்கம் உச்சத்தை எட்டும்போது டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். மழையே இல்லாத குளிர்மாதத்தில் பாலைவன ஊரில் ஆறு நிரம்பி நிற்கிறது. பெரிய கப்பல்கள் கூலிகோரோவிலிருந்து காவோ வரை ஓடுவது வெள்ளம் இருக்கும் மாதங்களில் மட்டுமே. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பயணக் காலமாக அமைந்ததற்கு வெயில் தணிந்திருப்பது ஒரு காரணம் என்றால், படகின் அடியில் தண்ணீர் இருப்பது மற்றொன்று.

செகூ

பம்பாரா அரசின் தலைநகராக இருந்த ஊர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிட்டோன் கூலிபாலி நிறுவிய அவ்வரசு 1861இல் எல் ஹாஜ் உமர் தால் படையிடம் வீழ்ந்தது. பிட்டோனின் கல்லறை ஆற்றங்கரையில் உள்ள பழைய செகூவான செகோரோவில் இருக்கிறது.

இங்கே பயணிகள் முதலில் காண விரும்புவது போகோலான் துணி. குறுகிய பட்டைகளாக நெய்து ஒட்டித் தைத்த பருத்தித் துணியை இலைகளின் வடிநீரில் ஊறவைத்து மஞ்சளாக்குகிறார்கள். அதன்மேல், நெடுநாள் புளிக்கவைத்த ஆற்றுச் சேற்றால் கோலம் எழுதுகிறார்கள். சேற்றிலுள்ள இரும்பும் இலையிலுள்ள துவர்ப்புச் சத்தும் கூடிக் கறுப்பாகின்றன. துணியை அலசினாலும் அந்தக் கறுப்பு போவதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் கலபூகூ கிராமத்தில் கொல்லர் குடும்பத்துப் பெண்கள் பானை வனைகிறார்கள். தனிச் சூளை கிடையாது. விறகும் வைக்கோலும் அடுக்கித் திறந்த வெளியிலேயே சுடுகிறார்கள்.

மாலியில் வழிகாட்டியின் முதல் வேலை பயணிக்கு ஒரு குடும்பப்பெயர் தருவது என்று சொல்லலாம். துராவோரே என்றோ தியாரா என்றோ ஒரு பெயரைச் சூட்டிவிட்டால், எதிர்ப்படுகிறவர் அந்தப் பெயரை வைத்தே உறவு முறையைத் தீர்மானிப்பார். சினான்குன்யா எனப்படும் கேலி உறவு இந்நாட்டின் பெரும் செல்வம். துராவோரே குடும்பத்தார் தியாரா குடும்பத்தாரை முகத்துக்கு நேராகக் கிண்டல் செய்யலாம், அவர்களும் திருப்பித் தரலாம், யாரும் கோபிக்கக் கூடாது. கூலிபாலிகளைப் ‘பயறு தின்னி’ என்று சீண்டாத ஊரே இல்லை. முன்பின் தெரியாத இருவருக்கு இடையே இறுக்கத்தைத் தளர்த்தும் இந்த ஏற்பாட்டை, 1235 அளவில் கிரினாப் போரில் வென்று மாலிப் பேரரசை நிறுவிய சுஞ்சாத்தா கெய்தாவின் காலத்தோடு பாணர்கள் இணைக்கிறார்கள். ஜெலி எனப்படும் அந்தப் பாணர் குலத்தாரே அரச வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக வாய்வழியே காத்தவர்கள். 21 நரம்புகள் கொண்ட கோரா அவர்களின் கருவிகளில் ஒன்று.

ஜென்னே

பானி ஆற்றின் வெள்ளநிலத்தில் தீவுபோல் நிற்கும் ஊர். அருகே மூன்று கி.மீ. தொலைவில் ஜென்னே-ஜெனோ மேடு இருக்கிறது. அங்கே 1977 முதல் ரோடரிக் மக்கின்டாஷும் சூசன் மக்கின்டாஷும் நடத்திய அகழாய்வு, கி.மு. 250 அளவிலேயே மக்கள் குடியேறியதையும், அரபு வணிகர் வருகைக்கு முன்பே அது நகரமாக வளர்ந்துவிட்டதையும் காட்டியது. சகாராவுக்குத் தெற்கே நகர வாழ்வு வெளியாரால் வந்தது என்ற நெடுநாள் கருத்தை இந்த மேடு தகர்த்தது. பயணக் குழுக்கள் இதைப் பார்க்காமல் கடந்துபோனது பெரும் இழப்பு.

பெரிய மசூதி இப்போதுள்ள வடிவில் 1907இல் எழுந்தது. கொத்தனார் சங்கத்தின் தலைவர் இஸ்மாயில் துராவோரே கட்டுமானத்தை நடத்தினார். வெயிலில் காய்ந்த மண்கல், மண் சாந்து, மண் பூச்சு, சுவரிலிருந்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கழிகள், இவ்வளவுதான் பொருள்கள். கழிகள் பார்க்க அழகுக்கு வைத்தவை போலிருந்தாலும், பூச்சு வேலைக்கு ஏறும் கொத்தனார்களுக்குச் சாரமாகவும் உதவுகின்றன. மழைக்காலம் மண்ணைக் கரைத்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் மழைக்கு முன் ஊரே கூடிப் பூசுகிறது. ஆற்று மண்ணோடு உமி கலந்து பல நாள் ஊறவிட்டுப் புளிக்கச் செய்கிறார்கள். பூச்சு நாளன்று இளைஞர்கள் தெருவுக்குத் தெரு போட்டி போட்டுக் கூடைகளில் சேறு சுமந்து ஓட, பெண்கள் தண்ணீர் கொண்டுவர, கொத்தனார்கள் கழிகளில் ஏறிக் கையாலேயே பூசுகிறார்கள். 2009 நவம்பரில் பருவம் தப்பிப் பெய்த கனமழையில் ஒரு கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தபோது, ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் துணையோடு அதை மீட்டுக் கட்டினார்கள்.

முஸ்லிம் அல்லாதவர் மசூதிக்குள் போக முடியாது. 1990களில் உள்ளே நடந்த, ஒரு பத்திரிகையின் நவநாகரிக ஆடைப் படப்பிடிப்பு ஊரார் மனத்தைப் புண்படுத்தியதைத் தொடர்ந்து வந்த கட்டுப்பாடு இது. வெளியே திங்கட்கிழமைச் சந்தை கூடுகிறது. மசூதியின் முழு உயரமும் சந்தைக் கூட்டத்துக்கு மேலே தெரிய, ஊரைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல நாள் கிடையாது.

மோப்தியும் உள்நாட்டு டெல்டாவும்

பானி நைஜரில் கலக்குமிடத்தில் மோப்தி துறைமுகம். வடக்கே தாவுதேனியிலிருந்து வந்த உப்புப் பாளங்கள், டெல்டாவின் புகையூட்டிய மீன், கருவாடு, டோகோன் நாட்டு வெங்காயம் எல்லாம் இங்கே கைமாறுகின்றன. பாய்க் கூரை போட்ட பினாஸ் என்னும் நீண்ட படகை இங்குதான் பிடிப்பார்கள். டிம்பக்டுவின் துறையான கோரியூமேவுக்கு மோட்டார் படகில் மூன்று நாள். இரவில் மணல்திட்டில் கூடாரம், படகிலேயே சோறும் மீன்குழம்பும்.

படகு கடக்கும் நிலம்தான் இந்த வழியிலேயே மிகச் செழிப்பானது. வெள்ளக் காலத்தில் 20,000 சதுர கி.மீ.க்கும் மேல் நீர் பரவும் இந்த டெல்டாவில் மூன்று தொழிலினர் ஒரே நிலத்தை முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். நீர் ஏறும்போது அது போசோ மீனவர்களுடையது. வெள்ளத்தோடு வளரும் நெல் உழவர்களுக்கு. ஆப்பிரிக்க நெல் என்னும் தனி இனம் வீட்டுப்பயிரானது இப்பகுதியில்தான் எனக் கருதப்படுகிறது. நீர் வடிந்ததும் பூர்கூப் புல்வெளிகள் ஃபுலானி மேய்ப்பர்களின் மாடுகளுக்கு. 1818இல் மாசினா அரசை அமைத்த சேகு அமது, யாருடைய மந்தை எந்தத் துறையில் எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்பது வரை சட்டமாக வகுத்தார். தியாஃபராபேயில் ஆண்டுதோறும் மாடுகள் ஆற்றை நீந்திக் கடக்கும் விழா அந்த ஒழுங்கின் தொடர்ச்சி. மாதக்கணக்கில் பாலைப்பக்கம் இருந்துவிட்டுத் திரும்பும் இளைஞர்களை ஊரே திரண்டு வரவேற்கும். ‘யாரால்’, ‘தெகல்’ என்ற இவ்விழாக்களை யுனெஸ்கோ 2005இல் வாய்மொழி மரபின் தலைசிறந்த படைப்புகளுள் சேர்த்தது.

டெபோ ஏரியைத் தாண்டினால் நியாஃபுங்கே. கித்தார் கலைஞர் அலி ஃபர்கா தூரே (1939–2006) வாழ்ந்த ஊர். உலகமெங்கும் மேடையேறிய அவர் ஊருக்குத் திரும்பி வயலுக்கு நீர் பாய்ச்சினார். 2004இல் ஊரின் மேயரானார்.

பண்டியகாரா

மோப்திக்குக் கிழக்கே, ஏறக்குறைய 150 கி.மீ. நீளும் மணற்கல் செங்குத்துச் சரிவு. உச்சியிலும் அடியிலும் சரிவிலும் டோகோன் மக்களின் ஊர்கள். அவர்களுக்கு முன் வாழ்ந்த தெல்லெம் மக்கள் கட்டிய குதிர்களும் புதைகுகைகளும் எட்டாத உயரத்தில் இன்னும் தெரிகின்றன. இங்கே ஊர்திக்கு வேலை குறைவு; வழிகாட்டியோடு நடக்க வேண்டும்.

ஒவ்வோர் ஊரிலும் தோகுனா என்னும் ஆண்களின் சாவடி உண்டு. எட்டு வரிசைகளாகக் கம்பந்தட்டை அடுக்கிய கனத்த கூரை, நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்வு. வழக்குப் பேசும்போது யாரும் ஆத்திரத்தில் எழுந்து நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் தாழ்வு என்பது ஊரார் விளக்கம். அந்தத் தட்டையைத் தந்த கம்பு தமிழருக்கு அந்நியமானதன்று. கம்பு முதன்முதலில் வீட்டுப்பயிரானது சகாராவின் தென்விளிம்பான சாகெல் நிலத்தில். மாலியின் வடக்கிலுள்ள திலெம்சிப் பள்ளத்தாக்கில் கி.மு. 2500 அளவிலான சான்று கிடைத்திருக்கிறது. அங்கிருந்து இந்தியாவுக்கு வந்த தானியம்தான் நம் வீட்டுக் கம்பங்கூழ்.

டோகோன் நாட்டில் வழிகாட்டி இல்லாமல் நடப்பது தவறு. எந்தப் பாறை வழிபாட்டுக்குரியது, எந்தப் பாதையில் கால் வைக்கக் கூடாது என்பது வெளியாருக்குத் தெரியாது. எதிர்ப்படும் முதியவரிடம் குடும்பம், வீடு, உடல்நலம் என ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். கையில் கோலாக் கொட்டை இருப்பது மரியாதை. பிரெஞ்சு மானிடவியலர் மார்செல் கிரியோல், ஒகோதெம்மேலி என்ற பார்வையற்ற முதியவருடன் 1946இல் நடத்திய உரையாடல்களை 1948இல் நூலாக்கினார். டோகோன் நாடு உலகப் புகழ் பெற்றது அதனால்தான். அந்த நூல் காட்டிய பெரும் தத்துவக் கட்டமைப்பை ஊர்களில் காணமுடியவில்லை என்று டச்சு ஆய்வாளர் வால்டர் வான் பேக் 1991இல் எழுதினார். பயணி இரண்டையும் அறிந்து வருவது நல்லது. காசு கொடுத்துப் பார்க்கும் முகமூடி ஆட்டத்தை, இறந்தோருக்கான தாமா சடங்கோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதும் அப்போது விளங்கும். 60 ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராக நகர்ந்து செல்லும் சிகி விழா கடைசியாக 1967 முதல் 1973 வரை நடந்தது. பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஷான் ரூஷ் அதைப் படமாக்கினார். அந்தக் கணக்கின்படி அடுத்தது 2027இல் தொடங்க வேண்டும்.

டிம்பக்டு

துவாரெக் மேய்ப்பர்களின் பருவகாலத் தங்குமிடமாகத் தொடங்கி, 12ஆம் நூற்றாண்டு முதல் வணிக ஊராக வளர்ந்தது. ஒட்டகமும் படகும் சந்திக்கும் இடம் என்பதே அதன் பிழைப்பு. 1324இல் மக்காவுக்குப் போன மாலி மன்னர் மன்சா மூசா திரும்பி வந்து கட்டச் செய்தது ஜிங்கெரேபெர் மசூதி. சங்கோரே, சீதி யஹ்யா மசூதிகளைச் சுற்றியும் கல்வி செழித்தது. மதுரைச் சுல்தானகத்தையும் இலங்கையையும் முன்பே கண்டிருந்த இப்னு பதூதா 1352இல் சகாராவைக் கடந்து மாலிக்கு வந்தார். வழியில் தகாசா சுரங்கத்தில் உப்புக் கட்டிகளாலேயே வீடு கட்டி ஒட்டகத் தோலால் கூரை வேய்ந்திருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். தகாசாவுக்குப் பின் தாவுதேனி முதன்மை பெற்றது. டிம்பக்டுவுக்கு வடக்கே 650 கி.மீ.க்கும் அப்பால் உள்ள அந்தச் சுரங்கத்திலிருந்து, ஒட்டகம் ஒன்றுக்கு நான்கு பாளம் வீதம் சுமந்து அசலாய் என்னும் வணிகச் சாத்துகள் வந்தன. இப்போது பெரும்பாலும் லாரிகள்.

ஊரின் உண்மையான செல்வம் ஏட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. சட்டம், வானியல், மருத்துவம், இலக்கணம், வணிகக் கணக்கு, கடிதங்கள் என அரபு எழுத்தில் அமைந்த கையெழுத்துப் படிகளைக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்துவந்தன. 1591இல் மொராக்கோப் படை, அப்போது டிம்பக்டுவை ஆண்ட சொங்காய் அரசை வென்றபின், அறிஞர் அகமது பாபாவைக் கைது செய்து மரகேஷுக்குக் கொண்டு சென்றது. அவர் பெயரில் 1973இல் ஓர் ஆய்வு நிறுவனம் அமைந்தது. ஒரு குடும்ப நூலகத்தில் உட்கார்ந்து, ஓரத்தில் குறிப்பெழுதிய படி ஒன்றைப் பார்ப்பது, மசூதிக் கோபுரத்தைப் பத்துமுறை படமெடுப்பதைவிட இந்த ஊரை நன்கு காட்டும்.

அருகிலுள்ள எஸ்ஸகானே மணல்மேடுகளில் 2003 முதல் சில ஆண்டுகள் பாலைவன இசைவிழா நடந்தது. தினாரிவென் போன்ற துவாரெக் குழுக்கள் உலகக் காதுகளை எட்டியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

வழி அடைபட்ட பின்

2012இல் டிம்பக்டுவைப் பிடித்த ஆயுதக் குழுக்கள் இசையைத் தடை செய்தன. இறைநேசர்களின் அடக்கத்தலங்களை இடித்தன. நூலகர் அப்தெல் காதர் ஹைதராவும் ஊராரும் பல்லாயிரம் கையெழுத்துப் படிகளைத் தகரப் பெட்டிகளில் வைத்துச் சிறுகச் சிறுக பமாக்கோவுக்குக் கடத்திக் காத்தனர். ஆனாலும் 2013 ஜனவரியில் பின்வாங்கும்போது அக்குழுக்கள் அகமது பாபா நிறுவனத்திலிருந்த படிகளில் ஒரு பகுதியை எரித்துவிட்டன. இடிந்த அடக்கத்தலங்களை 2015க்குள் உள்ளூர்க் கொத்தனார்களே மீண்டும் எழுப்பினார்கள். இடிப்பை முன்னின்று நடத்திய அகமது அல்-ஃபக்கி அல்-மஹ்திக்கு 2016 செப்டம்பரில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தது. பண்பாட்டுச் சின்னங்களை அழித்ததை மட்டுமே குற்றமாக வைத்து அந்நீதிமன்றம் தீர்ப்பளித்த முதல் வழக்கு அது.

வன்முறை பின்னர் தெற்கே டெல்டாவுக்கும் டோகோன் நாட்டுக்கும் இறங்கியது. 2019 மார்ச்சில் ஒகோசாகு கிராமத்தில் 150க்கும் மேற்பட்ட ஃபுலானியர் கொல்லப்பட்டனர். நிலத்தை முறைவைத்துப் பகிர்ந்த மக்களிடையே அந்த ஒழுங்கு முறிந்திருப்பதே, மூடிய விடுதிகளைவிடப் பெரிய துயரம். 2023 செப்டம்பரில் காவோ–டிம்பக்டு தடத்தில் பயணிகள் கப்பல் ஒன்று தாக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். ஆற்று வழியும் அச்சத்துக்குரியதாயிற்று.

செகூவின் ஆற்றங்கரைக் கலைவிழா 2005இல் தொடங்கியது, போர்க்காலத்திலும் தாக்குப்பிடித்திருக்கிறது. ஜென்னே மசூதிக்கு 2024இலும் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பூச்சு வேலை செய்தார்கள்; அயல்நாட்டுப் பயணிகளை எதிர்பார்த்துப் பிழைத்த வழிகாட்டிகளுக்கு மட்டும் அன்று வேலை இல்லை. பமாக்கோவில் ஈரப்பதத்தால் கெட்டுக்கொண்டிருந்த கையெழுத்துப் படிகளின் முதல் தொகுதி 2025 ஆகஸ்டில் டிம்பக்டுவுக்குத் திரும்பியது, விமானத்தில்.