கலப்பு வன்தட்டும் லினக்ஸும்: ஒரு சுருக்க வரலாறு



விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிவுற்றது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11ஐ நிறுவ இயலாது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய கணினியொன்று நன்கொடையாகக் கிடைத்தால், அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை. இலவச லினக்ஸ் அதற்கு மறுவாழ்வு தரும். ஆனால் உள்ளிருப்பது கலப்பு வன்தட்டாயின் லினக்ஸ் ஏற்குமா? விடை அதன் வரலாற்றிலேயே உள்ளது.

சுழலும் தட்டில் இடம் மிகுதி, வேகம் குறைவு. ஃபிளாஷ் நினைவகத்தில் வேகம் மிகுதி. அன்று விலையும் மிகுதி. அடிக்கடி புரட்டும் நூலை மேசைமீதும் ஏனையவற்றை அலமாரியிலும் வைப்பதுபோல, இரண்டையும் ஒரே பெட்டியில் இணைத்ததே கலப்பு வன்தட்டு. எந்த நூல் மேசைக்கு வர வேண்டும் என முடிவு செய்வது யார்? சிக்கல் அங்கேதான் எழுந்தது.

2007இல் வெளிவந்த முதல் கலப்பு வன்தட்டுகள் அம்முடிவை விண்டோஸ் விஸ்டாவிடம் விட்டன. எனவே பிற இயங்குதளங்களில் அவற்றின் முழுப்பயன் கிட்டவில்லை. 2010இல் சீகேட் நிறுவனத்தின் மொமென்டஸ் எக்ஸ்டி வந்தது. 500 ஜிபி வரையிலான தட்டுடன் 4 ஜிபி ஃபிளாஷ் கொண்ட அது, தானே முடிவெடுத்தது. லினக்ஸ் அதைச் சாதாரண வன்தட்டாகவே கண்டது, தடையின்றி இயங்கியது.

2011இல் இன்டெல் வேறு வழியைக் கொணர்ந்தது. தட்டும் ஃபிளாஷும் தனித்தனியே இருக்க, விண்டோஸ் மென்பொருள் இரண்டையும் இணைத்தது. லினக்ஸுக்கு இடர் தருவது இவ்வகையே. 2013இல் லினக்ஸ் கருவகமும் டிஎம்-கேஷ், பிகேஷ் என்னும் சொந்த வசதிகளைப் பெற்றது.

பின்னர் ஃபிளாஷ் விலை சரிந்தது. கலப்புக்குத் தேவை குறைந்தது. அம்மாற்றம் நம் நாட்டையும் தொட்டது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தன் வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடுவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018இல் அறிவித்தது.

ஆகவே, கணினி கைக்கு வந்ததும் முதலில் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் தனியாக இருந்தால், விண்டோஸிலேயே அந்த இணைப்பை நீக்குங்கள். பின்னர் லினக்ஸை விரலியிலிருந்து இயக்கி, வன்தட்டின் முழுக் கொள்ளளவும் தெரிகிறதா எனப் பாருங்கள். தெரிந்தால் துணிந்து நிறுவலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு கணினி கிடைத்துவிடும்.