டர்போ பெட்ரோல் எஞ்சின்: கொள்ளளவைக் குறைப்பதா, நாக்கிங்கைத் தடுப்பதா?

டர்போ பெட்ரோல் எஞ்சினின் எரிபொருள் சிக்கனம் என்றாலே கொள்ளளவுக் குறைப்புதான் முதலில் பேசப்படுகிறது. சிறிய எஞ்சினில் உராய்வு குறைவு. த்ராட்டில் பெரும்பாலும் அகலத் திறந்தே இருப்பதால் காற்றை உறிஞ்சுவதில் வீணாகும் உழைப்பும் குறைவு. இவை உண்மையே, ஆனால் குறைந்த சுமைக்கு மட்டுமே பொருந்தும் உண்மை. சுமை ஏறிவிட்டால் சிக்கனத்தை நிர்ணயிப்பது நாக்கிங் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டர்போ அழுத்தித் தரும் காற்று சூடானது. அதனால் தீச்சுடர் வந்து சேருமுன்பே சிலிண்டரின் ஓரத்துக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும்; இதுவே நாக்கிங். இதைத் தவிர்க்க வடிவமைப்பாளர்கள் அமுக்க விகிதத்தைக் குறைக்கிறார்கள்; எல்லாச் சுமையிலும் வெப்பத்திறன் குறைகிறது. போதாதபோது ஸ்பார்க் தாமதப்படுத்தப்படுகிறது. எரிதல் பிந்துவதால் புகைவாயுவின் வெப்பம் டர்பைன் தாங்காத அளவுக்கு ஏற, 14.7-க்கு 1 என்ற காற்று-எரிபொருள் விகிதத்தைக் கைவிட்டுக் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. அந்தப் பெட்ரோல் வண்டியை நகர்த்துவதில்லை. டர்பைனைக் குளிர்விப்பதே அதன் வேலை. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 34 கி.மீ. மட்டுமே இருந்த ஐரோப்பாவின் பழைய என்.ஈ.டி.சி. சோதனையில் இந்த விரயம் வெளிப்பட வாய்ப்பே இல்லை. சோதனைத் தாளுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே விழுந்த இடைவெளிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஃபோக்ஸ்வேகன் இங்கே திசை மாறியது. 1.4 டி.எஸ்.ஐ.க்கு அடுத்து அது கொண்டுவந்த 1.5 டி.எஸ்.ஐ. ஈவோவில் கொள்ளளவு குறையவில்லை, கூடியது. அதன் 96 கிலோவாட் வடிவத்தில், பிஸ்டன் அடிமட்டத்தை எட்டுவதற்கு வெகுமுன்பே உள்வால்வு மூடிக்கொள்கிறது. அடைபட்ட காற்று மீதித் தூரத்தில் விரிந்து குளிர்கிறது. ரால்ஃப் மில்லர் வகுத்த சுழற்சி இது. சிலிண்டருக்குள் கலவை குளிர்ந்திருப்பதால் அமுக்க விகிதத்தை 12.5 வரை உயர்த்த முடிந்தது. வால்வு சீக்கிரம் மூடுவதால் குறையும் காற்றை, இதழ்கள் திரும்பும் டர்போ கூடுதல் அழுத்தத்தால் ஈடுகட்டுகிறது. மஸ்டாவின் 2.5 லிட்டர் டர்போ வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது: குளிர்விக்கப்பட்ட புகைவாயுவின் ஒரு பகுதியைச் சிலிண்டருக்குத் திருப்பியனுப்பி, எரியும் வெப்பத்தைத் தணித்து, கூடுதல் பெட்ரோலின் தேவையைக் குறைக்கிறது.

இதற்கு விலை உண்டு. அதே 1.5 லிட்டரில், 10.5 அமுக்க விகிதமும் வழக்கமான டர்போவும் கொண்ட முதல் தலைமுறை வடிவம் 110 கிலோவாட் தந்தது. மில்லர் சுழற்சிக்காக விட்டுக்கொடுத்தது 14 கிலோவாட். அன்றாடம் ஓட்டும் குடும்பக் காருக்கு இது நியாயமான விலை என்றே கருதுகிறேன்.

ஆனால் வரிவிதிப்பு இன்னும் சிசி கணக்கிலேயே நிற்கிறது. இந்தியாவின் ஜி.எஸ்.டி.யில் சிறிய பெட்ரோல் காருக்கு 1,200 சிசி வரம்பு. ஜப்பானின் வாகன வரியும் கொள்ளளவுப்படியே. இது சற்றே பெரிய, ஆனால் சிக்கனமான எஞ்சினைத் தண்டிக்கும் முறை. வரியைக் கொள்ளளவிலிருந்து பிரித்து, அதிகச் சுமையையும் உள்ளடக்கிய சோதனையில் அளந்த எரிபொருள் செலவோடு இணைக்க வேண்டும்.